பெருவிளங்குடித் தேரும் இரண்டு ஒலிநாடாக்களும்

போன மாதம் வானொலி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கைப்பேசியிலேயே பேட்டி எடுத்து, அதிலேயே வெட்டி ஒட்டி, அதிலேயே அனுப்பியும் விடுகிறவர்கள். "மேடம், நீங்கல்லாம் டேப்ப பிளேடு வச்சு வெட்டுவீங்களாமே, நெஜமா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் என்னவோ கல்லோடு கல்லை உரசித் தீ மூட்டினவள் மாதிரி பார்த்தாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு உற்சாகம் வந்துவிட்டது. உற்சாகம் வந்தால் என் வாயை மூட ஆள் கிடையாது என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரித்திரத்தில் பி.ஏ. முடித்து, துறைமுகத்தில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலேறியவள் நான். நிலையத்தில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஆள் தேடியபோது எனக்கு வேலை கிடைத்தது. தமிழ் நன்றாக வாசித்தேன், ஹிந்தியைத் தப்பாகப் பேசினாலும் தைரியமாகப் பேசினேன். அது போதுமானதாக இருந்தது. பேச்சுப் பயிற்சி, ஒலிப்பதிவுப் பயிற்சி எல்லாம் சில மாதங்களில் முடிந்தன. மிச்சத்தை இயந்திரங்களும் தத்தா சாபும் கற்றுக்கொடுத்தார்கள்.

தத்தா சாப் எங்கள் நிலைய அதிகாரி, வங்காளி. தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அவர் சம்மதிக்காமல் ஒரு தமிழ்ச் சொல்லும் காற்றில் ஏறாது. ஆகவே ஒவ்வொரு தமிழ் நிகழ்ச்சியையும் நான் அவர் எதிரில் உட்கார்ந்து ஹிந்தியில் வரிவரியாகச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டாரோ என்று நான் ஒரு வரியைத் தாண்டினால், "பீச் மே குச் சூட் கயா," நடுவில் ஏதோ விட்டுப்போச்சு, என்பார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. கோபமே வராது. பிடிக்காத இடத்தில் சிவப்புப் பென்சிலால் காகிதத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்த வரி காற்றில் போகாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், வியாழன்தோறும் சாயங்காலம் போகும் ஒரு தொடர் நிகழ்ச்சிக்கு எனக்கு அனுமதி கிடைத்தது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நம் ஜனங்கள் தங்களை யார் என்று சொல்லிக்கொண்டார்கள் என்பது பொருள். கல்லூரியில் படித்த நாளிலிருந்து என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த கேள்வி அது. 'நான் இந்து' என்று அந்தக் காலத்துத் தமிழ்க் கிராமத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது அக்கரையிலிருந்து வந்தவர்கள் சிந்து நதிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்ட பேர். நம் ஆள் சொல்லியிருக்கக்கூடியது வேறு: இன்ன ஊர், இன்ன சாமி, சைவம் அல்லது வைணவம், இன்ன தொழில், வலங்கை அல்லது இடங்கை. வலங்கை, இடங்கை என்று ஜனங்கள் இரண்டு பெரும் அணியாகப் பிரிந்து நின்று, வெள்ளைக் குடை யாருக்கு, ஊர்வலம் எந்தத் தெரு வழியாக என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இதை நான் ஹிந்தியில் வலதுகைக்காரர், இடதுகைக்காரர் என்று சொன்னதும் தத்தா சாப் கண்ணைத் திறந்து, தேர்தல் நேரத்தில் வலதுசாரி இடதுசாரி எல்லாம் வேண்டாம் என்றார். அது வேறு சாப் என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

இந்தச் சரித்திரத்தை நான் புத்தகத்தில் படித்ததைவிடத் தீவில் பார்த்ததுதான் அதிகம். மெயின்லாண்டில் தெருவுக்கொரு கோயில் வைத்திருந்தவர்கள் இங்கே வந்ததும் ஆள் பற்றாமல் ஒரே கோயில் கட்டினார்கள். தெலுங்கரும் மலையாளியும் அதற்கு நன்கொடை கொடுத்தார்கள், நாங்கள் வங்காளிகளின் துர்கா பூஜையில் வரிசையில் நின்று கிச்சடி வாங்கிச் சாப்பிட்டோம். எல்லாருமாகச் சேர்ந்து 'நாம்' ஆகிக்கொண்டிருந்தது என் கண்ணெதிரே நடந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சாதி கப்பல் ஏறவில்லை என்று கூடச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். ஏறத்தான் செய்தது, டிக்கெட் எடுக்காமல் ஏறியிருந்தது.

அதற்காகவே எங்கள் தமிழர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவரை ஒருவர் சந்தித்தால் 'எந்தக் கப்பல்ல வந்தீங்க?' என்று கேட்பார்கள். ஊரைக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் 'தஞ்சாவூர் பக்கம்', 'மதுரைப் பக்கம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஊரைக் கேட்டால் தெருவைக் கேட்க வேண்டி வரும், தெருவைக் கேட்டால் மற்றதெல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் ஒரே கப்பலில் வந்தவர்கள் அண்ணன் தம்பி போல் ஆகிவிடுவார்கள், ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. இதை நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தும் மாட்டிக்கொண்டேன்.

நான்காவது வாரம் தேர்த் திருவிழா. இரண்டு பேரைப் பேசவைத்து ஒன்றாகச் சேர்ப்பதாகத் திட்டம். முதலாமவர் சின்னையா மேஸ்திரி. சாத்தம் மரமில்லில் கப்பலுக்கு மரம் ஏற்றும் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர், கோயில் கமிட்டித் தலைவர், குரல் எடுத்தால் கடல் இரைச்சல் கேட்காது. இரண்டாமவர் நடேசன், அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர், கமிட்டிச் செயலாளர், மெதுவாகப் பேசுகிறவர். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், இரண்டு பேருமே 'மாயவரம் பக்கம்'. அதைவிட முக்கியம், சின்னையாவின் மகள் செல்விக்கும் நடேசனின் மகன் முரளிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியையும் மின்சாரத் துறைப் பையனும் தாங்களாகவே விரும்பி, அப்பாக்கள் சம்மதித்த கல்யாணம். குலம் கோத்திரம் யாரும் விசாரிக்கவில்லை. "கப்பல்ல ஒண்ணா வாந்தி எடுத்தோம், அதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்கறது" என்று நடேசன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

மேஸ்திரி ஒலிப்பதிவு அறைக்குள் வந்து மைக்கைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். சிவப்பு விளக்கு எரிந்தது. உங்கள் ஊர்த் தேரில் யார் முதலில் வடம் பிடிப்பார்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் கிளம்பிவிட்டார்.

"எங்க பெருவிளங்குடி எல்லையம்மன் தேரு இருக்கே, எங்கப்பா வீரன் வந்து வடத்தத் தொட்டாத்தான் நகரும். அம்மனுக்குத் தாலி கட்டுற உரிமையும் எங்க வீட்டு ஆம்பளைக்குத்தான். வலங்கைக்குக் காவலு நாங்க. ராசா காலத்துலேர்ந்து வெள்ளைக் குடை எங்களுக்கு உண்டு. ஒரு வருசம் குடை தரமாட்டேன்னுட்டாங்க. எங்கப்பா அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. தேரு நின்னுபோச்சு. ஊரே கெஞ்சுது. கடைசியில தர்மகர்த்தாவே பறத்தெரு எல்லைக்கு வந்து கைகூப்பிக் கூப்பிட்டாரும்மா. குடையப் புடிச்சுக்கிட்டு எங்கப்பா வந்தாரு பாரு, அந்த நடைய இன்னிக்கும் நான் மறக்கல."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊரைச் சேர்த்துக் கட்டிய கயிறும் தள்ளி நிறுத்திய கோடும் ஒரே திருவிழாவில் இருந்ததை நேரில் பார்த்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரிக்கும் அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. தன் தெருப் பேரைச் சொல்லிவிட்டதே அவருக்கு அப்போது உறைக்கவில்லை. மரமில் சங்கு ஊதியதும் எழுந்து ஓடிவிட்டார்.

மறுநாள் நடேசனின் முறை. அன்றைக்கு எனக்குச் செய்தி வாசிக்கும் வேலையும் இருந்ததால், அவரிடம் கேள்வியைச் சொல்லிவிட்டு, பதிவை இயந்திரம் ஓட்டிய தெலுங்குக்காரத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய்விட்டேன். அடுத்த நாள்தான் இரண்டு நாடாக்களையும் மேசைமேல் வைத்துக் கேட்டேன். வேலை செய்யும் முறை இதுதான்: காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, ஒரு சொல் முடியும் இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்து, வெட்டுக்கட்டையின் பள்ளத்தில் நாடாவைப் படுக்கவைத்துப் பிளேடால் சாய்வாக வெட்டி, பிசின் துண்டால் ஒட்ட வேண்டும். வெட்டின துண்டுகளைச் சுவரில் ஒட்டி வைப்போம். ஒலிபரப்பு முடியும்வரை எதையும் தூக்கிப் போடக்கூடாது என்பது தத்தா சாபின் கட்டளை.

நடேசனின் மெல்லிய குரல் வந்தது. "எங்க தாத்தா பெருவிளங்குடிக் கோயில் தர்மகர்த்தா." என் கை சுருள்மேல் நின்றுவிட்டது. பின்னால் உருட்டி மறுபடி கேட்டேன். அதே ஊர். பிறகு அதே வருஷம், அதே குடை, அதே நின்றுபோன தேர்.

"எங்க தாத்தா அந்த வீரனுக்குக் கைகூப்புனத நான் கண்ணால பாத்தேன். சின்னப் பையன் நான். மறுநாள் காலையில அதே வீரன் கூலி நெல்லுக்கு எங்க வாசலுக்கு வந்தாரு. தாத்தா, 'எட்டி நில்லுடா'ன்னு சத்தம் போட்டாரு. 'நேத்து கும்பிட்டீங்களே தாத்தா'ன்னு நான் கேட்டேன். விட்டாரு ஒரு அறை. இப்பவும் அந்தக் கன்னம் கொஞ்சம் சூடாத்தான் இருக்கு."

நான் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். தேரின் இரண்டு பக்கமும் என் மேசைமேல் கிடந்தன. சரித்திரம் படித்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் இது காற்றில் போனால் செல்வியின் கல்யாணம் என்ன ஆகும்? எவ்வளவு உற்சாகமோ அவ்வளவு பயமும் வந்தது.

தத்தா சாபிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வரியும் விடவில்லை. கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"மேஸ்திரி பேசினதில் தெருப் பேரை வெட்டிவிடட்டுமா சாப்?"

"காட்னா ஆசான் ஹை," என்றார். வெட்டுவது சுலபம். "ஆவாஸ் கிஸ்கா ஹை?" குரல் யாருடையது?

பேசினவர் கேட்டுச் சம்மதிக்காமல் எதுவும் போகாது, யாரும் தன் பேச்சை முதல்தடவை பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்கக்கூடாது என்பது அவர் வகுத்த விதி. முதலில் மேஸ்திரி கேட்கட்டும், இழக்கப்போவது அவர்தான் என்றார்.

மேஸ்திரி செல்வியையும் அழைத்துக்கொண்டு வந்தார். தன் குரலில் தெருப் பேர் வந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, எப்படிம்மா உளறினேன்? இத வெட்டிடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார். நடேசனின் நாடாவைப் பற்றி நான் சொன்னேன். அதைக் கேட்க நடேசனின் அனுமதி வேண்டும். கடைக்கு ஃபோன் செய்தேன், "நம்ம சின்னையாண்ணன்தானே, தாராளமாக் கேக்கட்டும்," என்றார் நடேசன் ஒன்றும் தெரியாமல்.

'எட்டி நில்லுடா' வந்தபோது மேஸ்திரி காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நெல் வாங்கப் போன அப்பா வெறும் கையோடு திரும்பி வந்த காலை அது என்று பிறகுதான் சொன்னார்.  செல்விதான் பேசினாள்.

"வெட்டாதீங்கக்கா."

"கல்யாணம் நின்னுடும் புள்ள."

"மறைச்சு வச்சுப் போனா, அந்த வீட்டுல தெனமும் பயந்துக்கிட்டே ஒலை வைக்கணும்ப்பா. ஊர்லேர்ந்து ஒரு ஆளு கப்பல் ஏறி வந்தாக்கூட நான் கதவுக்குப் பின்னாடி நிக்கணும். நிக்கறதுன்னா இப்பவே நிக்கட்டும். தேர்க்கதை ரேடியோவுல வரப்போவுதுன்னு கேட்டதுமே பயந்து, முரளிகிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிட்ட?"

"நாம யாருன்னு. அம்மா எனக்கு எப்பவோ சொல்லியாச்சு. அவரு, 'சரி, அப்பாகிட்ட யாரு சொல்றது'ன்னு மட்டும் கேட்டாரு."

 மேஸ்திரி என்னிடம் திரும்பி, "நடேசனக் கூப்புடும்மா. எங்கூடவே உக்காந்து கேக்கட்டும்," என்றார்.

அன்று மத்தியானமே நடேசன் வந்தார். இரண்டு நாடாக்களையும் அடுத்தடுத்து ஓட்டினேன். முதலில் தன் ஊர்ப் பேரைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது, "அடடே, நம்ம ஊராண்ணே," என்று மேஸ்திரியின் தொடையில் தட்டக்கூடச் செய்தார். 'எங்கப்பா வீரன்' என்றதும் தட்டிய கை அங்கேயே நின்றது. முடியும்வரை அசையாமல் கேட்டார். முடிந்ததும் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, நிலையம் இருந்த மேட்டிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளும் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. மேஸ்திரி மரமில்லுக்குப் போகாமல் நிலையத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தால் குடிப்பார், மறுபடி வாசலைப் பார்ப்பார். நடேசன் வீட்டில் அவர் மனைவி அழுகிறார் என்று பஜாரிலிருந்து சேதி வந்தது. வெட்டு என்றும் நடேசன் சொல்லவில்லை, வெட்ட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வார்த்தை கொடுக்காதவர் குரல் போகாது என்று தத்தா சாப் தீர்த்துச் சொன்னார். அந்த நேரத்தை நிரப்ப ஒரு நாகஸ்வரச் சுருளை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அதை எடுத்து வைக்கும்போது எனக்கு வந்த ஆத்திரம், யார்மேல் என்றே தெரியாத ஆத்திரம்.

வியாழக்கிழமை மதியம் நடேசன் வந்தார். பெஞ்சில் இருந்த மேஸ்திரியைப் பார்த்துத் தலையை அசைத்தார், நேராக என்னிடம் வந்தார்.

"மரகதம்மா, நான் பேசினதுல கடைசியில கொஞ்சம் சேக்கணும். மைக் கெடைக்குமா?"

ஒலிப்பதிவு அறையில் அவரை உட்காரவைத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், தத்தா சாப், மேஸ்திரி, பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த செல்வி. சுருள் சுற்ற ஆரம்பித்தது. விளக்கு எரிந்தது.

"எங்க தாத்தாகிட்ட அன்னைக்கு நான் கேட்டதுக்கு அறைதான் கெடைச்சுது, பதில் கெடைக்கல," என்று ஆரம்பித்தார். "அந்த வீரனோட மகன் இந்தத் தீவுலதான் இருக்காரு. ஒரே கப்பல்ல வந்தோம், ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். அவரு பொண்ண என் பையனுக்குக் கேட்டேன், சரின்னாரு. நான் யாரு பேரன்னு அப்போ அவருக்குத் தெரியாது. இப்போ தெரியும். தெரிஞ்சப்புறமும் பொண்ணு குடுப்பாரான்னு கேக்கத்தான் வந்திருக்கேன்."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த மனிதரிடம் சம்மதம் கேட்கிறார்கள். மேஸ்திரி மகளைக் கைகாட்டினார். அந்த அறைக்குள் பேசுவதற்கு மேசையில் ஒரு பொத்தான் உண்டு. நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். செல்வி குனிந்தாள்.

"மாமா, தேர் நாளுக்குக் கேக்கறீங்களா, மறுநாளுக்கா?"

நடேசன் கண்ணாடி வழியே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மறுநாளுக்குத்தாம்மா. தேர் நாளுக்கு எங்க தாத்தாவே போதும்."

"அப்போ சரி மாமா," என்றாள் செல்வி.

மேஸ்திரி அந்தக் கனமான கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் உள்ளே போகக்கூடாது. அன்றைக்கு அவரைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"க்யா போலா?" என்ன சொன்னார், என்று தத்தா சாப் கேட்டார். சொன்னேன். பாதி ஹிந்தி, பாதி தமிழ், பாதி அழுகை. அவர் கண்ணை மூடாமல் கேட்ட ஒரே நிகழ்ச்சி அதுதான். கல்யாண அறிவிப்பெல்லாம் வானொலியில் சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார். பொண்ணு பேரோ பையன் பேரோ சொன்னாரா என்று கேட்டார். இல்லை சாப் என்றேன்.

"தோ ஜானே தோ," என்றார். அப்போ போகட்டும்.

செல்வியின் கேள்வி மைக்கில் மிக மெலிதாகத்தான் விழுந்திருந்தது, நடுவில் கதவுச் சத்தம் வேறு. தொழில்முறைப்படி அதை வெட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் அப்படியே விட்டேன். சாயங்காலம் நிகழ்ச்சி முழுதாகப் போயிற்று. பேர் சொல்லாவிட்டால் என்ன, யார் வீட்டுக் கதை என்று அன்றைக்கே தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது.

கமிட்டியிலிருந்து இரண்டு பேர் விலகினார்கள். நடேசன் மனைவியின் அண்ணன் மெயின்லாண்டிலிருந்து கப்பல் டிக்கெட் வாங்கியும் வராமல் இருந்துவிட்டார். கல்யாணத்துக்கு இப்படி வராதவர்கள் சிலர் உண்டு. வந்தவர்களுக்கு இலை போதவில்லை. பந்தி நடக்கும்போதே ஊருக்கு வெளியே சிப்பிகாட் தோட்டங்களுக்கு ஜீப்பை அனுப்பி வாழையிலை வெட்டிக்கொண்டு வந்தோம்.